கழுத்தெலும்பு என்று சொன்னவர்

தலைமை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்ற அஞ்சலக அதிகாரி உபகாரம் ஐயா அவர்களே, மேடையில் என் பக்கத்தில் அமர்ந்திருக்கும் லாரி ஓட்டுநர் பொன்னுவேல் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் அம்மையாரின் மகள் இசபெல்லா அவர்களே, அடுப்பை அணைத்துவிட்டு வந்திருக்கும் சமையற்கட்டுத் தோழியர்களே, பேருந்து நிலையத்துச் சுமைதூக்கும் தோழர்களே, வடகவுஞ்சியிலிருந்து பனியில் நடந்து வந்து சேர்ந்திருக்கும் உறவினர்களே, உங்கள் அனைவருக்கும் தமிழாசிரியன் குருநாதனின் வணக்கம்.

இந்தக் கூட்டம் நம் உறைவிடப் பள்ளியின் மண்டபத்தில் நடந்திருக்க வேண்டும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழாம் ஆண்டு முதல் அந்தப் பள்ளி விடுதிக்குச் சோறாக்கிப் போட்டவருக்கு ஒரு மாலை நேரம், நாற்பது நாற்காலி. அவ்வளவுதான் கேட்டோம். சமையல் ஊழியருக்கு இரங்கல் கூட்டம் நடத்தும் வழக்கம் பள்ளியில் இல்லை என்று எழுத்து மூலம் பதில் வந்தது. வழக்கம் இல்லையாம். நல்லது. அந்த வழக்கத்தை இன்று இந்த உருளைக்கிழங்கு மண்டியில் நாம் தொடங்கி வைக்கிறோம். மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருக்கிறீர்கள். இந்த இடம் அம்மையாருக்குப் பொருத்தமானதுதான். வாரம் இரண்டு முறை இங்கே வந்து, ஒவ்வொரு கிழங்கையும் அமுக்கிப் பார்த்து, அழுகலைத் தள்ளி, மண்டிக்காரரோடு வாதாடி ஜெயித்துவிட்டுப் போனவர் அவர்.

யாருக்காகக் கூடியிருக்கிறோம்? எலும்பு டாக்டர் கித்தேரியம்மாள் அவர்களுக்காக.

சிலர் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அந்தப் பட்டத்தைக் கேலிக்காகத்தான் கொடுத்தார்கள். விடுதி மாணவர்கள் தொடங்கி வைத்தார்கள், ஆசிரியர்கள் நாங்களும் சேர்ந்துகொண்டோம். "எலும்பு டாக்டர் வர்றாங்க" என்று முதுகுக்குப் பின்னால் சொன்ன வாய்களில் என் வாயும் ஒன்று. இன்று அதே பட்டத்தை அவருடைய முகத்துக்கு நேராகச் சொல்ல ஆசைப்படுகிறேன். அந்த முகத்தைச் சென்ற செவ்வாய்க்கிழமை மண்ணுக்குள் வைத்துவிட்டோம். ஆகவே உங்கள் முகங்களைப் பார்த்துச் சொல்கிறேன். அந்தப் பட்டத்துக்கு அவரைவிடத் தகுதியானவர் இந்த மலையில் யாரும் இருக்கவில்லை.

நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுகிறேன். வடகவுஞ்சிக்காரர்களுக்கு இது முழுதாகத் தெரியாது.

ஐம்பத்தேழாம் ஆண்டு ஆவணி மாதம். பள்ளிக்குப் புதுக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. பொன்னுவேல் தன் லாரியில் கீழ்நாட்டிலிருந்து சிமெண்டு ஏற்றி வருவார். நம் மலைப்பாதையின் வளைவுகள் உங்களுக்குத் தெரியும். ஏற்றத்தில் வண்டியை நிறுத்தினால் அது பின்னால் உருளாதபடி பின்சக்கரத்துக்கு ஒரு கல்லை அண்டக் கொடுக்க வேண்டும். பொன்னுவேல் அதற்காக ஒரு கல் வைத்திருந்தார். இரண்டு கையாலும் தூக்க வேண்டிய கல். அன்று காலை சக்கரம் ஏறி அதன் ஓரம் உடைந்துவிட்டது. சமையற்கட்டின் பின்பக்கச் சரிவில் லாரி நின்றிருந்தபோது, அடுப்புச் சாம்பல் கொட்ட வந்த கித்தேரியம்மாள் அந்த உடைந்த பக்கத்தைப் பார்த்தார். சாம்பல் கூடையைக் கீழே வைத்தார். குத்தவைத்து உட்கார்ந்தார். கல்லைத் திருப்பித் திருப்பித் தடவினார்.

"இத எங்க எடுத்தீங்க தம்பி?" என்று கேட்டார்.

அரியலூர்ப் பக்கம் ஒரு ஓடையில் கிடந்தது, வெறும் கல்தான் அக்கா என்று பொன்னுவேல் பதில் சொன்னார்.

"கல்லு இல்ல தம்பி. இது கழுத்தெலும்பு."

இதைச் சொன்னவர் பள்ளிக்கூட வாசலை மாணவியாக ஒருநாளும் மிதிக்காதவர். ஆனால் இருபது ஆண்டுகளாக மன்னவனூர் ஆட்டின் கழுத்தையும் நாட்டுக்கோழியின் கழுத்தையும் தினந்தோறும் தன் கையால் துண்டு போட்டவர். ஆட்டுக் கழுத்தின் ஒவ்வோர் எலும்பும் முன்பக்கம் உருண்டு, பின்பக்கம் குழிந்து, ஒன்றின் உருண்டை மற்றொன்றின் குழியில் உட்காரும். கோழிக் கழுத்தைப் பிளந்தால் எலும்புக்குள் காற்றுக்கூடு தெரியும். நடுவில் நரம்பு போக ஒரு துளை இருக்கும். இந்த மூன்றையும் அந்தக் கல்லில் அவர் பார்த்தார். கண்ணால் மட்டும் பார்க்கவில்லை, சுண்டுவிரலை அந்தத் துளைக்குள் விட்டுப் பார்த்தார்.

கல்லைக் கொடுத்துவிடுங்கள் என்றார். அண்டக் கொடுக்க எனக்கு வேறு கல் வேண்டுமே என்றார் பொன்னுவேல். சமையற்கட்டின் கொல்லையில் தேய்ந்துபோன பழைய அம்மி ஒன்று கிடந்தது. அதைத் தூக்கிக் கொடுத்துவிட்டு எலும்பை வாங்கிக்கொண்டார். இந்த அம்மியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி நிர்வாகம் அதை நன்றாக நினைவில் வைத்துக்கொண்டது.

பள்ளியில் ஒரு காட்சி அறை உண்டு. பாடம் செய்த பறவைகள், வண்ணத்துப்பூச்சிகள், கிளிஞ்சல்கள். அதன் சாவி என்னிடம் இருந்தது. எனக்கு அறிவியல் தெரியும் என்பதனால் அல்ல, என் கையெழுத்து அழகாக இருக்கும், பெயர்ச்சீட்டு எழுத ஆள் வேண்டும், அதனால்தான். அம்மையார் அந்தக் கல்லைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். பெரிய மிருகத்தின் கழுத்தெலும்பு என்று எழுதுங்கள் என்றார். நான் அப்படியே எழுதினேன். நம்பி எழுதினேனா? இல்லை. மறுநாள் சாப்பாட்டில் குறை வைத்துவிடுவாரோ என்று எழுதினேன். உண்மையைச் சொல்லத்தானே இங்கே நிற்கிறேன்.

அடுத்த கோடையில் நகரத்திலிருந்து ஓர் அறிஞர் நம் பள்ளி நிர்வாகியின் விருந்தாளியாக வந்தார். பாறைகளைப் பற்றிப் படித்தவர். பெயரைச் சொல்ல விரும்பவில்லை. கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்றபடி ஒரு பார்வை பார்த்தார். இந்த மலையின் பாறையில் எந்தப் பிராணியின் எலும்பும் கிடைக்காது என்றார். அது சரிதான். உள்ளே தேனடைபோலக் கண் கண்ணாகத் தெரிகிறது, ஆகவே இது கல்லாகிப்போன மரம் என்றார். அன்று மாலையே பழைய சீட்டைக் கிழித்துவிட்டு, 'கல்மரத் துண்டு' என்று என் அழகான கையெழுத்தில் புதிய சீட்டு எழுதி வைத்தேன்.

இரண்டு நாள் கழித்து அம்மையார் வந்தார். புதுச் சீட்டைப் பார்த்துவிட்டு, படியுங்கள் என்றார். படித்தேன்.

"எடுத்துப் பாத்தாரா சார்?"

இல்லை என்றேன்.

"நான் கத்திரிக்காயக்கூட கையில எடுத்துப் பாக்காம வாங்க மாட்டேன். இவரு எலும்பக் கையில எடுக்காமலே மரம்னுட்டாரா?"

அவர் பெரிய படிப்புப் படித்தவர் என்று சமாதானம் சொன்னேன். கல் இந்த மலையில் கிடைத்ததென்று நான் சொல்லவே இல்லையே, கீழ்நாட்டு ஓடையில் கிடந்ததென்று அவரிடம் யாராவது சொன்னீர்களா என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அன்றிலிருந்து தினமும் மாலையில் அறையைப் பூட்டப் போகும்போது, பெட்டிமேல் வைத்திருந்த அந்தச் சீட்டு குப்புறக் கிடக்கும். நான் நிமிர்த்தி வைப்பேன். மறுநாள் மறுபடி குப்புறக் கிடக்கும். ஓராண்டு! ஓராண்டு முழுக்க அவர் கவிழ்த்தார், நான் நிமிர்த்தினேன். நான் செய்தது வேலை. அவர் செய்தது என்ன என்று இன்றுதான் எனக்குப் பெயர் சொல்லத் தெரிகிறது. அது போராட்டம்.

ஐம்பத்தொன்பதாம் ஆண்டு கோடையில் அதே அறிஞர் மறுபடி வந்தார். பள்ளி ஆண்டு விழா விருந்து. நிர்வாகி, நகரப் பிரமுகர்கள், ஆசிரியர்கள் எல்லாரும் பந்தியில் இருந்தோம். பாயசம் வருகிற நேரத்தில் கித்தேரியம்மாள் ஒரு தட்டை ஏந்தி வந்து அறிஞரின் முன்னால் வைத்தார். தட்டில் ஆட்டுக் கழுத்தெலும்புகள் ஏழு. வேகவைத்து, சுரண்டி, வெயிலில் காயவைத்து, சணல் கயிற்றில் வரிசையாகக் கோத்திருந்தார். பக்கத்தில் நெடுக்கில் பிளந்த ஒரு கோழிக் கழுத்தெலும்பு.

"ஐயா, இத ஒருக்க கையில எடுத்துப் பாருங்க. பாத்துட்டு அந்தப் பொட்டியத் தொறந்து பாருங்க. மரமாவே இருந்துட்டுப் போகட்டும். மரத்துக்கு நரம்பு போறதுக்கு ஓட்டை எதுக்குங்க?"

நீ யார் என்று அறிஞர் கேட்டார். சோறாக்குகிறவள் என்றார் அம்மையார். அப்படியானால் போய்ச் சோற்றைப் பார் என்றார் அவர். பந்தியே சிரித்தது. நான் சிரித்தேனா என்று இசபெல்லா என்னை ஒருநாள் கேட்டார். சிரித்தேன் அம்மா. நான் உங்கள் தாயாரைப் பார்த்துச் சிரித்தேன். அவர் தட்டை எடுத்துக்கொண்டு போனார். போகும்போது ஒவ்வோர் இலையையும் பார்த்து, யாருக்குப் பாயசம் வரவில்லை என்று கேட்டு, வைக்கச் சொல்லிவிட்டுத்தான் போனார்.

மறுநாள் குறிப்பாணை வந்தது. விருந்தாளியை அவமதித்தது ஒரு குற்றம். பள்ளிக்குச் சொந்தமான அம்மிக்கல் ஒன்றை அனுமதியில்லாமல் வெளியாருக்குக் கொடுத்தது இன்னொரு குற்றம். இரண்டு ஆண்டுகளாக யாரும் தேடாத அம்மி! மன்னிப்புக் கடிதத்தை அவர்களே தட்டச்சு செய்து வைத்திருந்தார்கள். பெருவிரல் ரேகை வைத்தால் போதும். நிர்வாகியின் அறையில் என்னைச் சாட்சியாக நிற்க வைத்தார்கள். கடிதத்தை நான்தான் படித்துக் காட்டினேன். முழுதும் கேட்டார். மைப்பெட்டியை அவர் பக்கம் தள்ளினார்கள்.

"அம்மி கொடுத்தது தப்புத்தான். வேற அம்மி வாங்கித் தந்துர்றேன். ஆனா எலும்ப எலும்புன்னதுக்கு ரேகை வைக்க மாட்டேன்."

அப்படியானால் வேலை இல்லை என்றார் நிர்வாகி. இல்லாவிட்டால் போகட்டும் என்றார் அம்மையார். இருபத்திரண்டு ஆண்டு ஊழியம் மூன்று நிமிடத்தில் முடிந்தது. கணவனை இழந்தவர், மகளுக்கு இன்னும் கல்யாணம் ஆகாத நேரம். அந்த ஒரு ரேகையை வைத்திருந்தால் என்ன குறைந்திருக்கும் என்று அன்று நான் நினைத்தேன். தோழர்களே, அன்று நான் நினைத்ததையெல்லாம் இன்று சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பேருந்து நிலையத்துக்கு எதிரே ஓர் இட்லிக் கடையில் மாவாட்டப் போனார். நம் சுமைதூக்கும் தோழர்கள் அந்த இட்லியைச் சாப்பிட்டிருக்கிறீர்கள். பொன்னுவேலும் அங்கேதான் சாப்பிடுவார். ஒருநாள் அவருக்குச் சட்னி ஊற்றிக்கொண்டே அம்மையார் கேட்டிருக்கிறார்: "ஏன் தம்பி, ஒரு கழுத்துல ஒத்த எலும்புதான் இருக்குமா?"

எவ்வளவு சின்னக் கேள்வி! இந்தக் கேள்வியைப் படித்தவர்கள் நாங்கள் ஒருவர்கூடக் கேட்கவில்லையே! எலும்பா மரமா என்று வாதம் பேசினோம். அவரோ, எலும்பென்றால் அடுத்த எலும்பு அங்கேயே இருக்க வேண்டுமே என்று நினைத்தார்.

அறுபதாம் ஆண்டு பங்குனியில் பொன்னுவேலின் லாரியில் ஏறிக் கீழே போனார். அதுவரை வத்தலக்குண்டைத் தாண்டாதவர். ஒரு பானை, ஒரு படி அரிசி, கிழிந்த சேலை இரண்டு, வைக்கோல் ஒரு கட்டு. இவ்வளவுதான் அவருடைய ஆராய்ச்சிக் கருவிகள். இடத்தைப் பொன்னுவேல் காட்டினார். கரையில் கறுப்பு மண். முந்தின வாரம் கோடைமழை பெய்து மண் ஊறிப்போயிருந்தது. பழைய கல் உருண்டு விழுந்த பள்ளத்துக்கு மேலே, கரைச்சுவரில், வரிசையாக மூன்று முனைகள் துருத்திக்கொண்டிருந்தன.

முதலாவதைக் கையில் எடுத்தார். கையிலேயே நொறுங்கிவிட்டது. இரண்டாவதைச் சுற்றிலும் மண்ணை விட்டுத் தோண்டினார்கள். அதுவும் உதிர்ந்தது. கித்தேரியம்மாள் அழுது தான் பார்த்தது அன்று ஒருநாள்தான் என்று பொன்னுவேல் சொல்கிறார். கணவர் இறந்தபோது அழுதவரை நாம் பார்த்திருக்கிறோம், வேலை போனபோது அழாதவரையும் பார்த்திருக்கிறோம். "கைல எடுத்தேன், மாவாப் போச்சு தம்பி" என்று அந்தத் தூளைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம்.

பிறகு எழுந்தார். அரிசியைக் குழைய வடித்துக் கெட்டிக் கஞ்சி எடுத்தார். சேலையை நாடா நாடாவாகக் கிழித்துக் கஞ்சியில் முக்கினார். பழைய கல் விழுந்த பள்ளத்தை ஒட்டியிருந்த மூன்றாவதைத் தோண்டி எடுக்காமல், மண்ணில் இருக்கும்போதே துணியைச் சுற்றிச் சுற்றி ஒட்டினார். இரண்டு நாள் வெயிலில் காயவிட்டார். துணி பலகைபோல விறைத்தது. அதன் பிறகுதான் அடியில் கை கொடுத்துப் பெயர்த்தார்கள். ஒரு துணுக்கு உதிரவில்லை. வைக்கோல் சுற்றி, அத்தனை வளைவிலும் தன் மடியில் வைத்துக்கொண்டு மலையேறி வந்தார். வழியில் பொன்னுவேல் எட்டு இடத்தில் லாரியை நிறுத்தி அம்மியை அண்டக் கொடுத்தாராம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை காட்சி அறை வாசலுக்கு வந்தார். பூசைக்கு எல்லாரும் போயிருந்தார்கள். கதவைத் திறக்கச் சொன்னார். நிர்வாகியிடம் கேட்காமல் முடியாது என்றேன். படியில் உட்கார்ந்துவிட்டார். பனிமூட்டம் இறங்கிச் சாரலாக மாறியது. மடியில் எலும்பு, அதன்மேல் முந்தானை. நனைவது தான்தான், எலும்பு நனையக்கூடாது. அரைமணி நேரம் அதைப் பார்த்தபின் என் கை தானாகச் சாவியை எடுத்தது.

பெட்டியைத் திறந்தேன். பழைய எலும்பை நான் பிடித்துக்கொண்டேன். அவர் புதியதன் முகத்தில் ஒட்டியிருந்த துணியை மட்டும் ஈரம் தொட்டு உரித்தார். அதன் உருண்டையை என் கையிலிருந்த எலும்பின் குழிக்கு நேரே கொண்டுவந்து மெல்லத் திருப்பினார். உட்கார்ந்துவிட்டது. சட்டிக்கு மூடிபோல, இடைவெளி இல்லாமல் உட்கார்ந்தது. மேலே இரண்டு துளைகளும் நேர்கோட்டில் ஒரே துளையாயின. அந்தப் பாரம் என் இரண்டு கையிலும் இறங்கியது. எத்தனை கோடி ஆண்டுகளுக்குப் பிறகு அந்தக் கழுத்தில் ஓர் இணைப்பு மறுபடி கூடியது! கூட்டி வைத்தவர் வேலையிழந்த ஒரு சமையற்காரம்மா. பக்கத்தில் நின்றவன் மரம் என்று சீட்டு எழுதிய ஒரு தமிழாசிரியன்.

"இப்ப என்ன சார் சொல்றீங்க?" என்றார்.

எலும்பு அம்மா என்றேன்.

அன்றிரவே வேறொரு நிலவியல் அறிஞருக்குக் கடிதம் எழுதினேன். படமும் எடுத்து அனுப்பினேன். இரண்டு எலும்பையும் கீழ்த்தட்டில் துணி போட்டு மறைத்து வைத்தேன். பதினோரு மாதம் பதில் இல்லை. அறுபத்தொன்றாம் ஆண்டு மாசியில் பதிலுக்குப் பதிலாக அவரே பேருந்தில் வந்து இறங்கினார். இளைஞர். நிர்வாகிக்கு ஒன்றும் புரியவில்லை. துணியை எடுத்துக் காட்டினேன். அவர் தரையில் மண்டியிட்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு, எலும்பில் இன்னும் ஒட்டியிருந்த சேலைக்கரையைத் தொட்டு, இதை இவ்வளவு பத்திரமாகப் பெயர்த்தது யார் என்று கேட்டார். எங்கள் பள்ளி என்றார் நிர்வாகி. எந்தப் பசையால் என்றார். நிர்வாகி என்னைப் பார்த்தார். நான் ஆள் அனுப்பினேன்.

இட்லிக் கடையிலிருந்து மாவுக் கையோடு வந்தார் கித்தேரியம்மாள். சோற்றுக் கஞ்சி என்று சொன்னார். இளைஞர் அதைக் குறித்துக்கொண்டார். இது நீண்ட கழுத்தும் நீண்ட வாலும் கொண்ட டைனோசர் வகையைச் சேர்ந்த பிராணி, கழுத்து மட்டுமே இருபது அடிக்கு மேல் இருந்திருக்கலாம் என்று விளக்கினார். அது எதைத் தின்றது என்பதுதான் அம்மையாரின் முதல் கேள்வி. இலை தழை மட்டுமே என்றார் அவர். "அம்புட்டு ஒடம்புக்குத் தழை அள்ளிப் போட எம்புட்டுப் பேரு வேணும்?" என்று கேட்டார் நம் சமையற்கட்டுத் தலைவி. அந்த இளைஞர் சிரித்தார். அவரோடு சேர்ந்து சிரித்தார், அவரைப் பார்த்து அல்ல. அந்த வேறுபாட்டை அன்று நான் கற்றேன்.

நிர்வாகி முந்திக்கொண்டு, இந்த அம்மா எங்கள் ஸ்டாஃப்தான் என்றார்.

"இல்லீங்க. நிப்பாட்டிட்டாங்க" என்றார் கித்தேரியம்மாள்.

அடுத்த வாரம் வேலைக்கு அழைப்பு வந்தது. இருபது மாதம் கழித்து. ஒரே ஒரு நிபந்தனை போட்டார். ரேகை வைக்காத அந்த மன்னிப்புக் கடிதம் தன் கைக்கு வர வேண்டும். வந்தது. அதை அடுப்பில் வைத்துப் பற்றவைத்து அன்றைய உலையை ஏற்றினார். உலை வைத்த கையோடு அடுப்படிச் சுவரிலிருந்து அடிமேல் அடி வைத்து எண்ணிக்கொண்டே போனார். மாவறையைத் தாண்டி, பாத்திரம் கழுவும் முற்றத்தில் இருபது முடிந்தது. அங்கே நின்று திரும்பிப் பார்த்து, "இங்கன இருந்து அங்கன வரைக்கும் கழுத்தாம்டி" என்று சமையற்கட்டில் கூட வேலை செய்த சண்முகவள்ளியிடம் சொன்னாராம். அதோ, சண்முகவள்ளி தலையாட்டுகிறார்.

இத்துடன் கதை முடிந்திருந்தால் நான் கும்பிட்டு உட்கார்ந்துவிடுவேன். முடியவில்லையே.

அறிக்கை அச்சாகி வந்தது. 'பள்ளி நிர்வாகத்தினரால் கண்டெடுக்கப்பட்டது' என்று இருந்தது. பெட்டியில் புதுச் சீட்டும் அப்படியே. எழுதிய கை இந்தக் கைதான். அம்மையார் வந்து படிக்கச் சொன்னார். படித்தேன். "எம் பேரு இல்லையா சார்?" என்றார். இல்லை என்றேன். "அப்பப் போடுங்க" என்றார். பார்க்கலாம் என்றேன்.

எனக்கு முன்னால் பேசியவர்களில் ஒருவர், அம்மையார் விளம்பரத்தை விரும்பாதவர், பெயர் புகழுக்கு ஆசைப்படாதவர் என்று பேசினார். அன்போடுதான் பேசினார். ஆனாலும் மறுக்கிறேன். அவர் ஆசைப்பட்டார்! தன் பெயர் அங்கே இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். மூன்று ஆண்டு விழாக்களில் மூன்று முறை என்னிடம் வந்து, "பேரு என்னாச்சு சார்?" என்று கேட்டார். ஏன் ஆசைப்படக்கூடாது? கண்டவர் அவர். காத்தவர் அவர். அதற்காக வேலையை விட்டவர் அவர். ஏழையும் பெண்ணும் செத்த பிறகு, அவர்களுக்கு எதுவுமே வேண்டியிருக்கவில்லை என்று புகழ்வது நமக்கு வசதியாகத்தான் இருக்கிறது. அந்த வசதியை இன்று நாம் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நிர்வாகத்தைத் திட்டுவது எளிது. அந்தப் பெயரை முதலில் விட்டது நிர்வாகம் அல்ல. அந்த ஞாயிறு இரவு நான் எழுதிய கடிதத்தில், 'எங்கள் பள்ளியில் கிடைத்துள்ள எலும்புகள்' என்று எழுதினேன். வேலை நீக்கப்பட்டவரின் பெயரை எழுதினால் என் வேலைக்கு ஆபத்து என்று பயந்தேன். அறிக்கை என் கடிதத்தைப் பார்த்து எழுதப்பட்டது. சீட்டு அறிக்கையைப் பார்த்து எழுதப்பட்டது. கித்தேரியம்மாளின் பெயரை அழித்தவன் உங்கள் முன்னால் நிற்கிறான். நெஞ்சுச் சளி முற்றி அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இதைச் சொல்லத்தான் போனேன். சாப்பிட்டீர்களா சார் என்று கேட்டார். சொல்லாமல் திரும்பிவிட்டேன். இசபெல்லா, உங்கள் தாயாரிடம் சொல்லாததை உங்களிடம் சொல்லிவிட்டேன். மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. செய்ய வேண்டியதைச் செய்கிறேன்.

இந்த மேசைமேல் ஒரு தீர்மானம் இருக்கிறது. சீட்டிலும் அறிக்கையிலும் பெயரைத் திருத்தக் கோரும் தீர்மானம். அந்த நிலவியல் அறிஞருக்கு, நடந்தது முழுவதையும், என் பொய்யையும் சேர்த்து, நேற்றே எழுதி அஞ்சலில் சேர்த்துவிட்டேன். பள்ளி திருத்த மறுத்தால் வாரா வாரம் கேட்போம். மறுக்க மறுக்கக் கேட்போம். கேட்பதில் அவர் நமக்கு வைத்துவிட்டுப் போயிருக்கும் அளவு பெரிது. அதற்குக் குறையக்கூடாது.

கேட்பதோடு நில்லோம். அந்த ஓடைக்கரையை நோக்கிச் சுண்ணாம்புக்கல் தோண்டுகிறவர்கள் நெருங்கிவிட்டார்கள் என்று பொன்னுவேல் சொல்கிறார். இருபது அடிக் கழுத்தில் இரண்டு எலும்புதான் நம்மிடம் இருக்கிறது. மிச்சம் அந்தக் கரைக்குள் இருக்கிறது. வருகிற பங்குனியில் சமையற்கட்டிலிருந்து நான்கு பேர், சுமைதூக்கும் தோழர்களில் ஐந்து பேர், இசபெல்லா, நான், பொன்னுவேலின் லாரியில் கீழே போகிறோம். விடுப்புத் தராவிட்டாலும் போகிறோம். கஞ்சி காய்ச்சச் சண்முகவள்ளி வருகிறார். பழைய சேலைகளை இன்றே கொடுக்க விரும்புகிறவர்கள் கொடுக்கலாம்.

தோழர்களே, கையெழுத்துப் போடும் முன் ஒன்றைத் தெரிந்துகொண்டு போடுங்கள். பின்சுவரோரம் தராசுக்குப் பக்கத்தில் நிற்கும் தம்பி பழனிச்சாமி, பள்ளி அலுவலகத்திலிருந்து வந்திருக்கிறார். யார் வந்தார்கள், என்ன பேசினார்கள் என்று குறித்துவரச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அவர்மேல் கோபம் வேண்டாம். சொன்ன வேலையைச் செய்கிறார். நானும் அப்படித்தான் பல ஆண்டுகள் செய்தேன்.

தம்பி, அங்கே இருட்டாக இருக்கிறது, முன்னால் வாருங்கள். தோழர்களே, வழி விடுங்கள். இந்தப் பெட்டிமேல் உட்காருங்கள் தம்பி. எழுதிக்கொள்ளுங்கள். முதல் கையெழுத்து, மு. குருநாதன், தமிழாசிரியர். அடுத்து இங்கே வரிசையில் நிற்கிறவர்கள் ஒவ்வொருவரும் தம் பெயரைச் சத்தமாகச் சொல்லிவிட்டுப் போடுவார்கள், உங்களுக்குச் சிரமம் இருக்காது. ஆனால் தாளின் உச்சியில், எங்கள் எல்லாருக்கும் மேலே, கொஞ்சம் பெரிய எழுத்தில் இன்னொரு பெயர் எழுத வேண்டும். எழுத்துப்பிழை வரக்கூடாது. நான் சொல்கிறேன், நிதானமாக எழுதுங்கள்.

கி. த். தே. ரி. ய. ம். மா. ள்.